பின் சக் வேண்டுமா? முதலில் துளையைப் போடுங்கள்

மரக்கடைசல் பழகுகிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலில் வந்து நிற்பார்கள். கட்டையின் நடுவே துளை போட்டாயிற்று. இனி அந்தத் துளையையே பிடியாக வைத்து வெளிப்பக்கத்தைக் கடைய வேண்டும். மிளகு அரைக்கும் பெப்பர் மில் செய்யும்போது இப்படித்தான். பட்டை உரிக்காத மரத்துண்டில் கிண்ணம் கடையும்போதும் இதே கதைதான். இதற்கென்றே உள்ள எளிய கருவி பின் சக்.

எளிய கருவிதான், ஆனால் எனக்கு அது கைக்கு வர நான்கு மாதம் ஆனது. முதலில் செய்து வாங்கியது பிடிக்கவில்லை, இரண்டாவது லேத்தில் சரியாக உட்காரவில்லை. மூன்றாவதுதான் இன்று வரை ஓடுகிறது. முதல் இரண்டிலும் போன பணம் ஏறக்குறைய 1,900 ரூபாய். மூன்றாவதற்கு ஆனது 1,150 ரூபாய். உங்களுக்கு அந்த 1,900 ரூபாயும் நான்கு மாதமும் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது கோவையில். கூலிக் கணக்கெல்லாம் இங்கே நான் கொடுத்தது. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

1. அது எப்படிப் பிடிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பிடிக்கும் விதம் புரியாமல் பட்டறைக்குப் போனதுதான் என் முதல் தவறு.

ஒரு உருண்டையான இரும்பு முளை. அதன் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பட்டை, அதாவது சமதளமாகச் சீவிய இடம். அந்தப் பட்டையின் மேல் தளர்வாகக் கிடக்கும் ஒரு சின்ன இரும்புப் பின். அவ்வளவுதான் பின் சக். திருகு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது.

பின் பட்டையின் நடுவில் இருக்கும்போது அதன் மேல்பக்கம் முளையின் வட்டத்துக்குள் அடங்கிவிடும். அதனால் துளை போட்ட கட்டை தடையில்லாமல் முளைமேல் ஏறும். ஏற்றிய பிறகு கட்டையைக் கையால் கொஞ்சம் திருப்பினால் பின் பட்டையின் ஓரத்தை நோக்கி உருளும். ஓரத்துக்குப் போகப் போகப் பட்டைக்கும் துளைச் சுவருக்கும் நடுவே இடம் குறுகிக்கொண்டே வரும். பின் அந்த இடுக்கில் ஆப்பு போலச் சிக்கிக்கொள்ளும். உளி மரத்தை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்குப் பிடி இறுகும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. துளைக்கும் முளைக்கும் நடுவே இடைவெளி கூடினால் பின் வெகுதூரம் உருள வேண்டியிருக்கும், இடுக்கு அகலமாகும், பிடி தளரும். அடுத்து, பின் ஒரு பக்கம் மட்டும் தள்ளுவதால் கட்டை எப்போதும் பின் இருக்கும் பக்கமாக ஒதுங்கித்தான் நிற்கும். எவ்வளவு ஒதுங்கும் என்றால், இடைவெளியில் பாதி. துளை 0.6 மி.மீ பெரிதாக இருந்தால் கட்டையின் மையம் 0.3 மி.மீ விலகும். ஆகவே இந்தக் கருவியின் தரம் முளையில் மட்டும் இல்லை, முளையும் துளையும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதில் இருக்கிறது.

2. உங்களுக்கு இது வேண்டுமா என்று பாருங்கள்

நாலு தாடை சக், அதாவது நாலு தாடையால் இறுக்கிப் பிடிக்கும் பிடிகருவி, வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதோடு ஒரு மரத்திருகும் வந்திருக்கும். சாதாரணக் கிண்ணத்துக்கு அந்தத் திருகு போதும். 8 அல்லது 9 மி.மீ துளை போட்டுத் திருகி ஏற்றிவிடலாம். முகத்தட்டில், அதாவது லேத்தில் மாட்டும் வட்டத் தட்டில், நான்கு ஸ்க்ரூ போட்டுப் பிடிப்பதும் உறுதியான வழிதான்.

பின் சக் தேவைப்படுவது, துளை எப்படியும் இருந்தே ஆக வேண்டிய பொருளுக்கு: பெப்பர் மில், விளக்குத் தண்டு, கைப்பிடி. அப்புறம், கட்டைகளை நாள் முழுக்கக் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்க வேண்டிய வேலைக்கு. ஒரு நாளில் பத்து கிண்ணத்தின் வெளிப்பக்கம் கடைகிறவருக்கு, ஒவ்வொன்றையும் ஐந்து விநாடியில் மாட்டிக் கழற்றுவது பெரிய மிச்சம்.

துளையைச் சுற்றி மரம் மெல்லியதாக இருந்தால் பின் சக் வேண்டாம். ஆப்பு சுவரை வெளியே தள்ளும். மரம் நார்வாட்டில் பிளந்துவிடும். சுவர் குறைந்தது 10 மி.மீ இருக்கும் வரைதான் நான் இதில் கடைகிறேன். அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் மரத்தில் ஒரு கூம்பு செய்து, லேத்தின் எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக்கால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன்.

3. வாங்கப் போனால்

இணையத்தில் பின் சக் என்று தேடினால் முதலில் வருவது கடிகாரக்காரரும் நகைத்தொழிலாளியும் நூல்போன்ற துளை போடக் கையில் உருட்டும் சின்னப் பிடி. அது வேறு. அடுத்து வருவது பின் ஜா, அதாவது நாலு தாடை சக்கில் மாட்டும் ஒல்லியான தாடைகள். அதுவும் வேறு. படத்தில் பட்டை சீவிய முளையும் பக்கத்தில் ஒரு தனிப் பின்னும் தெரிந்தால்தான் அது நமக்கு வேண்டியது.

வெளிநாட்டுக் கடைகளில் அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று பல அளவுகளில் கிடைக்கிறது. பெப்பர் மில்லுக்கென்று விற்பது பெரும்பாலும் 1 1/16 அங்குலம், அதாவது 27 மி.மீ. வரவழைப்பதாக இருந்தால் இதைக் கவனியுங்கள்:

கூரியர் நிறுவனம் கே.ஒய்.சி. கேட்கும். ஆதார் அல்லது பான் நகலைத் தயாராக வைத்திருங்கள். விலாசம் ஆவணத்தில் இருப்பதும் பார்சலில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். வேறுவேறாக இருந்தால் அங்கேயே நாள் கணக்கில் தங்கிவிடும். சொந்த உபயோகத்துக்கு ஒன்று வரவழைக்க ஏற்றுமதி இறக்குமதி உரிம எண் தேவையில்லை. இன்வாய்ஸில் மர லேத்துக்கான பிடிகருவி என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இயந்திரக் கருவிகளின் பிடிகருவிகள் சுங்கப் பட்டியலில் 8466 என்ற தலைப்பில் வருகின்றன. பொருளின் விலை, அனுப்பும் கூலி, சுங்க வரி, ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.), கூரியர்காரரின் கையாளும் கட்டணம் என்று ஐந்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் கூட்டிப் பார்த்தேன். பொருளின் விலையைவிட மற்ற நான்கும் அதிகமாக வந்ததால் விட்டுவிட்டேன்.

அங்குல அளவில் வருவதை வாங்கினால் துளை போடும் அங்குல பிட்டும் கூடவே வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். 25 மி.மீ பிட் போட்ட துளையில் ஓர் அங்குல முளை நுழையாது.

4. துளையைப் போட்டு அளந்து எழுதுங்கள்

செய்யச் சொல்லப் போகிறீர்கள் என்றால், இரும்புக் கடைக்கும் போகாதீர்கள், பட்டறைக்கும் போகாதீர்கள். முதலில் துளை.

நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தப் போகும் அதே பிட், அதே இயந்திரம், அதே வகை மரம். ஃபோர்ஸ்ட்னர் பிட்தான் நல்லது. துளைச் சுவர் வழவழவென்று வரும், அடியும் தட்டையாக இருக்கும். தட்டை பிட் போட்டால் சுவர் சொரசொரப்பாகி, மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவுமாக இருக்கும். அதில் பின் சக் வேலை செய்யாது. கையில் பிடிக்கும் டிரில்லில் போட்ட துளையும் அப்படியே. டிரில் ஸ்டாண்டிலோ லேத்தின் டெயில்ஸ்டாக்கிலோ போடுங்கள்.

ஐந்து துளை போடுங்கள். ஒவ்வொன்றையும் வெர்னியர் அளவுகோலின் மேல் நாக்கை உள்ளே விட்டு நார்வாட்டிலும் குறுக்கிலும் அளந்து எழுதுங்கள். என்னுடைய 25 மி.மீ பிட் காய்ந்த பூவரசில் 25.2 மி.மீ துளை போட்டது. அதே பிட் கொஞ்சம் ஈரமான வாகையில் 25.1 போட்டது, ஆனால் மறுநாள் காலை அந்தத் துளை நீள்வட்டமாகிவிட்டது. ஈரமரத்தில் துளை போட்டால் அன்றைக்கே கடைந்து முடித்துவிட வேண்டும்.

இங்கேதான் என் முதல் 900 ரூபாய் போனது. பக்கத்துத் தச்சரிடம் பிட் இரவல் வாங்கினேன். அவர் எட்டு நூல் பிட் என்று சொல்லிக் கொடுத்தார். எட்டு நூல் என்றால் ஓர் அங்குலம், 25.4 மி.மீ. எனக்கு அது 25 என்று மனதில் பதிந்துவிட்டது. பட்டறையில் 25 மி.மீ முளை என்று சொன்னேன். அவர்கள் உள்ளே போகும் உருப்படி என்பதால் கொஞ்சம் குறைத்து 24.9 கடைந்து கொடுத்தார்கள். அவர்கள் கணக்கில் அது சரிதான். துளை 25.6 வந்திருந்தது. இடைவெளி 0.7 மி.மீ. ஒரு சாண் அகல வாகைக் கட்டையை ஏற்றி ஓடவிட்டு உளியை வைத்ததும் பின் சரசரவென்று உருண்டது, பிடிக்கவில்லை. கட்டை முளைமேல் ஆடி ஆடிக் கழன்று என் முகக்கவசத்தில் மோதிவிட்டு விழுந்தது. கவசத்தில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. கண்ணாடி மட்டும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. தயவுசெய்து முகம் முழுக்க மூடும் கவசம் போடாமல் இதில் எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

5. லேத்தில் எப்படி உட்காரப் போகிறது என்று முடிவெடுங்கள்

மூன்று வழி இருக்கிறது.

லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் மரையிலேயே திருகி ஏற்றுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். மர லேத்துகளில் மரை ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் எம்33, 3.5 பிட்ச், அதாவது 33 மி.மீ விட்டம், பல்லுக்குப் பல் 3.5 மி.மீ. இன்னொன்றில் ஓர் அங்குலம் 8 திரெட், அதாவது ஓர் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 பல். என் லேத்தில் இரண்டாவது. பட்டறையில் ஓர் அங்குலம் 8 திரெட் என்றேன். அவர்கள் பழக்கப்படி விட்வொர்த் என்னும் பழைய ஆங்கிலேய மரை வெட்டிவிட்டார்கள். அதுவும் ஓர் அங்குலத்துக்கு 8 திரெட்தான், ஆனால் பல்லின் கோணம் 55 பாகை. ஸ்பிண்டிலில் இருந்ததோ 60 பாகை. இரண்டு சுற்று ஏறியது, ஸ்பிண்டிலின் அடியில் உள்ள காலர் வரை போய் உட்காரவில்லை. இரண்டாவது முயற்சிக்குப் போன 1,000 ரூபாய் இதுதான். மரைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், லேத்தோடு வந்த முகத்தட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பட்டறையில் கொடுத்து, மரையைக் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி, ஸ்பிண்டிலின் கூம்புத் துளையில் செருகும் மோர்ஸ் டேப்பர் தண்டு. பழைய டேப்பர் டிரில்லின் தண்டைக்கூட இதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் டெயில்ஸ்டாக் முட்டு இல்லாதபோது அது அதிர்ந்து அதிர்ந்து வெளியே வந்துவிடும். ஸ்பிண்டிலின் பின்பக்கமாக நீள போல்ட் விட்டு இழுத்துக் கட்டினால்தான் பாதுகாப்பு. தண்டின் முனையில் அதற்கு மரையும் போட வேண்டும்.

மூன்றாவது, நாலு தாடை சக்கில் பிடிக்கும் நேரான தண்டு. நான் சொல்வது இதைத்தான். மரையும் வேண்டாம், கூம்பும் வேண்டாம், எந்த லேத்துக்குப் போனாலும் உதவும். தாடைகளை எந்த அளவுக்குத் திறந்தால் முழு வட்டமாக நிற்கின்றனவோ அந்த விட்டத்தில் தண்டு இருக்கட்டும். அப்போதுதான் நான்கு தாடையும் முழுப் பரப்பில் பிடிக்கும். என் தாடைக்கு அது 45 மி.மீ.

6. ஒரு தாளில் படம் வரையுங்கள்

கையால் வரைந்தால் போதும், ஆனால் அளவு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது மதியத்துக்குள் மாறிவிடும். என் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

தண்டு: விட்டம் 45, நீளம் 18.
காலர்: விட்டம் 55, கனம் 8. இது தாடைகளின் முகத்தில் ஒரு பக்கம் அணையும், மறுபக்கம் கட்டையின் முகம் அணையும்.
முளை: விட்டம் 25.10, கூடக் கூடாது, 0.05 குறையலாம். நீளம் 45.
பட்டை: முளை முழு நீளத்துக்கும். பட்டையிலிருந்து எதிர்ப்பக்கம் வரை வெர்னியரில் 21.95.
பின்: 3 மி.மீ விட்டம், 30 நீளம்.
எல்லாம் மி.மீ. முளையும் தண்டும் ஒரே மையத்தில்.

21.95 எங்கிருந்து வந்தது? முளையின் விட்டத்திலிருந்து பின்னின் விட்டத்தைக் கழியுங்கள். அதிலிருந்து இன்னொரு 0.15 கழியுங்கள். 25.10 − 3 − 0.15 = 21.95. உங்கள் அளவு எதுவானாலும் இதே கணக்குதான். அந்த 0.15 இல்லாவிட்டால் பின் துருத்திக்கொண்டு கட்டை ஏறாது. அதிகமாகச் சீவிவிட்டாலோ ஆபத்து. என் அளவில் பின் நடுவிலிருந்து 2, 2½ மி.மீ உருண்டதும் பிடித்துவிடுகிறது. பட்டை 1 மி.மீ கூடுதல் ஆழமானால் 5 மி.மீ உருள வேண்டும், இடுக்கின் கோணம் இரண்டு மடங்குக்கு மேல் அகன்றுவிடும். வழுக்கத் தொடங்குவது அங்கேதான்.

முளை நீளம் 45 என்றால் துளை 48 ஆழம் இருக்கட்டும். முளையின் நுனி துளையின் அடியில் முட்டிக்கொண்டால் கட்டை காலரில் அணையாது, ஆடும். சின்னக் கிண்ணங்கள்தான் செய்வீர்கள் என்றால் முளை 30 போதும். உள்ளே குடையும்போது அந்தத் துளை முழுவதும் போய்விட வேண்டும் அல்லவா?

7. இரும்பு வாங்குவது

சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) உருளையே போதும். அதைவிடக் கடினமான ஈ.என்.8 எஃகு கிடைத்தால் பட்டையின் ஓரம் சீக்கிரம் தேயாது. 60 மி.மீ விட்டத்தில் 80 மி.மீ துண்டு ஏறத்தாழ 1.8 கிலோ வரும். எனக்கு வெட்டுக்கூலியோடு 200 ரூபாய் ஆனது. வெட்டித் தரும் கடையில் நீளத்தைக் கொஞ்சம் தாராளமாகவே கேளுங்கள், ரம்பம் கோணலாகப் போகும்.

பழைய இரும்புக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அங்கே கிடைக்கும் தண்டு சில நேரம் கெட்டிப்படுத்திய வண்டித் தண்டாக இருக்கும். பட்டறையில் டூல் தேய்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அரத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் வேண்டாம்.

8. பட்டறைக்குப் போகும்போது துளையும் கூட வரட்டும்

கோவையில் கணபதி, சிங்காநல்லூர் பக்கம் தெருவுக்கு நாலு லேத் பட்டறை இருக்கும். சென்னையில் இருப்பவர்கள் அம்பத்தூர், கிண்டி பக்கம் கேட்டுப் பார்க்கலாம். ஒற்றை உருப்படியை எல்லோரும் எடுக்க மாட்டார்கள். நூறு உருப்படி ஓடும் இடத்தைவிட மோட்டார் தண்டு, பம்ப் தண்டு என்று ரிப்பேர் வேலை பார்க்கும் சின்னப் பட்டறைதான் நமக்குச் சரி. அவர்களுக்கு ஒற்றை வேலை பழக்கம்.

மூன்றாவது முறை நான் போன பட்டறையில் வயதான டர்னர் ஒருவர் இருந்தார். என் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எதுக்குள்ள போகப் போகுதுங்க?" என்றார். மரத்தில் உள்ள துளைக்குள் என்றேன். "அப்ப தாளு எதுக்கு, அந்தத் துளையக் கொண்டாங்க" என்றார். வண்டியில் இருந்த பூவரசுத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் கடைசி வெட்டு எடுக்கும்போது இரண்டு முறை லேத்தை நிறுத்தி அந்த மரத்துண்டையே முளைமேல் ஏற்றிப் பார்த்தார். மூன்றாவது முறை அது காற்றைத் தள்ளிக்கொண்டு மெதுவாக, சத்தமே இல்லாமல் காலர் வரை போய் நின்றது. எடுத்தபோது டப் என்று ஒரு சத்தம். "இது போதுங்களா?" என்றார். அதற்கு மேல் எந்த மைக்ரோமீட்டரும் தேவைப்படவில்லை.

நீங்களும் துளை போட்ட துண்டைக் கொண்டுபோங்கள். காய்ந்த மரமாக இருக்கட்டும், இரண்டு துண்டாக இருக்கட்டும்.

அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இன்னொன்று. முளையை ஒரு பிடிப்பிலும், திருப்பிப் போட்டுத் தண்டை இன்னொரு பிடிப்பிலும் கடைந்தால் இரண்டின் மையமும் பிசகும். இரண்டு முனையிலும் சென்டர் என்னும் நடுக்குழி போட்டு, சென்டருக்கு நடுவே வைத்து முளை, காலர், தண்டு மூன்றையும் கடையச் சொல்லுங்கள். காலரின் இரண்டு முகமும் அப்போதே எடுத்துவிட வேண்டும். முளை முனையில் உள்ள சென்டர் துளையை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். பின்னால் டெயில்ஸ்டாக்கை நேராக வைத்துப் பார்க்க உதவும்.

எனக்குக் கடைசல் கூலி 700 ரூபாய். வேலை ஒன்றரை மணி நேரம், ஆனால் கைக்கு வர மூன்று நாள் ஆனது. சின்ன வேலை எப்போதும் பின்னால்தான் தள்ளப்படும். மாதக் கடைசியிலும் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்திலும் போகாதீர்கள். பகல் மூன்று மணிவாக்கில் போய், முடிகிற வரை அங்கேயே இருக்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் அன்றே முடித்துத் தருவார்கள்.

9. பட்டை சீவுவது

மில்லிங் இயந்திரம் இருக்கும் இடத்தில் பத்து நிமிட வேலை. எனக்கு 200 ரூபாய் ஆனது. அவர்களிடம் 21.95 என்ற எண்ணைக் காட்டி, முளையின் நுனியிலும் காலர் ஓரத்திலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் பின் ஒரு முனையில் மட்டும் கடிக்கும், கட்டை கோணலாக நிற்கும்.

அரத்தாலும் செய்யலாம். வைஸில் கட்டி, 16½ மி.மீ அகலத்துக்கு இரண்டு கோடு போட்டு, பெரிய அரத்தால் தொடங்கி நைஸ் அரத்தால் முடியுங்கள். அந்த அகலம் வந்தால் ஆழமும் ஏறத்தாழ வந்துவிட்டது என்று அர்த்தம். கடைசி 0.3 மி.மீ எடுக்கும்போது நாலு இழுப்புக்கு ஒரு முறை அளந்துகொண்டே போங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகலாம். கிரைண்டரை மட்டும் வைக்காதீர்கள். ஒரு நொடியில் குழி விழும். ஆழமாகப் போய்விட்டால் மறுபடி இரும்பைச் சேர்க்க முடியாது. 3.5 அல்லது 4 மி.மீ பின் போட்டுத்தான் சமாளிக்க வேண்டும்.

சீவி முடித்ததும் விளிம்புகளில் நிற்கும் பிசிறை நைஸ் அரத்தால் தட்டிவிடுங்கள்.

10. பின்

போல்ட் கடைகளில் டவல் பின் (dowel pin) என்று கேட்டால் 3 மி.மீ கிடைக்கும். நான் நான்கு வாங்கினேன், 50 ரூபாய். 3 மி.மீ டிரில் பிட் உடைந்துபோனது இருந்தால் அதன் வழவழப்பான தண்டு இன்னும் நல்லது. ஆனால் அதன் விட்டத்தை அளந்துவிட்டு வையுங்கள். ஆணியை வெட்டிப் போட்டும் ஓட்டலாம். அது கொஞ்ச நாளில் தட்டையாகி உருளாமல் போகும். முனைகளைக் கொஞ்சம் உருட்டித் தேய்த்துக்கொள்ளுங்கள், கூராக இருந்தால் மரத்தைக் கீறும்.

11. ஏற்றுவது, இறக்குவது

பட்டை மேலே பார்த்தபடி ஸ்பிண்டிலை நிறுத்துங்கள். பின்னைப் பட்டையின் நடுவில் வையுங்கள். உருண்டு விழுந்தால் துளி மெழுகு தடவி ஒட்டுங்கள். கிரீஸ் வேண்டாம், மரத்தில் கறை ஏறும். கட்டையை நேராகத் தள்ளிக் காலரில் அணையுங்கள். அப்புறம் கட்டையின் மேல்பக்கம் உங்களைவிட்டு விலகும் திசையில் திருப்புங்கள். டக்கென்று பிடித்துக்கொள்ளும். டெயில்ஸ்டாக்கைக் கொண்டுவந்து முட்டுக் கொடுங்கள். கட்டை உருண்டையாகும் வரை டெயில்ஸ்டாக்கை விலக்கக் கூடாது. ஒரு சாண் கட்டையென்றால் நான் நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு மேல் தொடங்குவதில்லை.

இறக்கும்போது மேல்பக்கம் உங்களை நோக்கி வரும்படி மெதுவாகத் திருப்புங்கள். பின் நடுவுக்கு வரும் இடத்தில் கை லேசாவதை உணர்வீர்கள், அங்கேயே நிறுத்தி இழுங்கள். வேகமாகத் திருப்பினால் அது மறுபக்கம் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

மூன்று இடத்தில் ஏமாறாதீர்கள்.

முதலாவது, கழற்றும் முன் முளையில் பின் இருக்கும் இடத்துக்கு நேராகக் கட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் வைக்க வேண்டும். கட்டை எப்போதும் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா, கோடு பார்க்காமல் எதிர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினால் அந்த ஒதுக்கம் இரண்டு மடங்காகக் கண்ணில் தெரியும்.

இரண்டாவது, லேத்தைத் தலைகீழாக ஓட்டி மணல்தாள் போடாதீர்கள். பின் மறுபக்கம் உருண்டுவிடும்.

மூன்றாவதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேகத்தை எலெக்ட்ரானிக் முறையில் மாற்றும் சில லேத்துகள் சுவிட்சை அணைத்ததும் ஸ்பிண்டிலைச் சட்டென்று நிறுத்தும். கனமான கட்டை தன் வேகத்தில் முன்னே போகப் பார்க்கும். அந்த நேரத்தில் பிடி விட்டு, கட்டை கழன்று வரலாம். நிற்கும் நேரத்தைக் கூட்டும் வசதி இருந்தால் கூட்டி வையுங்கள். இல்லையென்றால் வேகத்தைக் கையால் படிப்படியாகக் குறைத்து, அப்புறம் அணையுங்கள்.

12. இரும்பு வேண்டாம், மரத்தில் செய்து பார்க்கலாமா?

செய்யலாம். ஒரே ஒரு பெப்பர் மில் மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் அதுதான் புத்திசாலித்தனம். நன்றாகக் காய்ந்த புளியமரத் துண்டை நாலு தாடை சக்கில் பிடித்து, அதிலேயே காலரும் முளையும் கடையுங்கள். துளை போட்ட துண்டை நொடிக்கொரு முறை ஏற்றிப் பார்த்து, இறுக்கமாகவும் வழுக்கியும் போகும் அளவில் நிறுத்துங்கள். பட்டையை உளியால் சீவி, தட்டையான கட்டையில் ஒட்டிய மணல்தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள். 4 மி.மீ பின் போடுங்கள். மெல்லிய பின், மரத்தில் சீவிய பட்டைக்குள் பதிந்துவிடும். செலவு எதுவும் இல்லை, ஒரு மணி நேர வேலை. பத்து, பதினைந்து முறை ஏற்றி இறக்கும் வரை நன்றாகப் பிடிக்கும், அப்புறம் பட்டையில் பள்ளம் விழும். மறுபடி கொஞ்சம் சீவிக்கொண்டு கனமான பின்னுக்கு மாறலாம்.

சக்கை விட்டுக் கழற்றாமல் இருக்கும் வரை இந்த மர முளையின் மையம் இரும்பைவிடத் துல்லியமாகவே இருக்கும், ஏனென்றால் அது உங்கள் லேத்திலேயே பிறந்தது. மழைக்காலத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் வெர்னியர் வைத்துப் பாருங்கள், ஈரத்தில் ஊதிக்கொள்ளும்.

இரும்பில் செய்ததை வேலை முடிந்ததும் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். மறுநாள் ஏற்றும் முன் அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். பின்களைத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மூடியின் உள்பக்கம் ஒரு காந்தத்தை ஒட்டிவிடுங்கள். சுருள் சீவலுக்குள் 3 மி.மீ பின்னைத் தேடுவது மிகவும் சிரமம்.